ஒன்றே கால் வயது, பிறந்த இடம் கலிபோர்னியா

கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் 2008இல் நாங்கள் வாடகைக்குக் குடிபோன வீட்டுக்கு அடுத்த வீட்டில் 83 வயதுப் பாட்டி ஒருவர் இருந்தார். தெருவே அவரை அபுவேலா என்று அழைத்தது. ஸ்பானிய மொழியில் பாட்டி என்று பொருள். நானும் அப்படியே அழைத்தேன். அவர் என்னை மிஹா என்பார், 'மகளே' என்பதுபோல. அப்போது நான் வாரத்தில் இரண்டு நாள் ஒரு பொது நூலகத்தில் தன்னார்வலராக இருந்தேன். குடும்பத்தின் பழைய ஆவணங்களைத் தேடி வருகிறவர்களுக்கு உதவுவது என் வேலை. அந்தச் செய்தி அவர் காதுக்கு எட்டியிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். டப்பாவுக்குள் மஞ்சளேறிய ஞானஸ்நானச் சட்டை. அதன் மடிப்புக்குள் நான்காக மடித்த ஒரு காகிதம். 1925 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தில் பிறந்த பெண் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். மடிப்புகள் இற்றுப்போனதால் யாரோ பின்பக்கம் துணி வைத்துப் பொடித் தையலாகத் தைத்திருந்தார்கள்.

"இந்தக் காகிதம்தான் என்னை இங்கே திரும்பக் கொண்டுவந்தது, மிஹா. என் தம்பியும் இதே ஊரில்தான் பிறந்தான். அவனுக்குக் காகிதம் இல்லை. அவன் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிவிட்டது. இப்போது அவன் மகள் மெக்ஸிகோவிலிருந்து கேட்கிறாள், அப்பா எங்கே பிறந்தார் என்று. நான் சொன்னால் போதாதாம். நீ ஒரு காகிதம் தேடிக் கொடு."

இரண்டு வாரத்து வேலை என்று நினைத்தேன். 14 மாதம் ஆயிற்று.

1930களின் தொடக்கத்தில் மெக்ஸிகக் குடும்பங்களை அமெரிக்காவிலிருந்து ரயில் ரயிலாக மெக்ஸிகோவுக்கு அனுப்பினார்கள். அபுவேலாவின் குடும்பமும் அப்படிப் போனதுதான். முதலில் நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். குறிப்பேட்டைத் திறந்துகொண்டு, "எந்த வருஷம் உங்களை ரயிலில் ஏற்றினார்கள்?" என்று கேட்டேன். அவர் முகம் மூடிக்கொண்டது. "தெரியாது. சின்னப் பெண்" என்றார். அடுத்த வாரமும் அதே பதில். பெருந்துயரத்தின் வாசலில் போய் நின்று தேதி கேட்டால் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மூன்றாவது வாரம் குறிப்பேடு இல்லாமல் போய், பேச்சுவாக்கில், "அந்த வீட்டில் அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது?" என்று கேட்டேன். இரண்டு மணி நேரம் பேசினார்.

பெல்வெடேர் பகுதியில் இரண்டு அறை வீடு. பின்னால் ஓர் அத்திமரம். அப்பா செங்கல் சூளையில் வேலை பார்த்தார். அம்மா விடியுமுன் மக்காச்சோள மாவு பிசைந்து ரொட்டி தட்டுவார். தெருக்கோடியில் டிராம் தண்டவாளம். தம்பி பிறந்த இரவில், மறுநாள் குவாதலூப்பே மாதா திருநாளுக்காக ஆண்கள் கிதார் வாசித்துப் பாடிக்கொண்டு தெருவில் போனார்கள். மருத்துவச்சி அவர்களைச் சத்தம் போடாமல் போகச் சொன்னார். அந்தத் திருநாள் டிசம்பர் 12. ஆகவே தம்பி பிறந்தது டிசம்பர் 11. ரயிலில் ஏறியபோது அபுவேலாவுக்கு முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்தன. ஆப்பிளைக் கடிக்க முடியாமல் அம்மா கத்தியால் கீறிக் கொடுத்தார். 1925இல் பிறந்த குழந்தைக்கு முன்பல் விழும் வயது ஆறு. வண்டி 1931இல் புறப்பட்டிருக்க வேண்டும் என்று அந்தப் பற்கள்தான் எனக்குச் சொல்லின.

நீங்கள் யாரிடமாவது இப்படிக் கேட்கப் போவதாக இருந்தால் அடுப்பையும் திருநாளையும் பல்லையும் கேளுங்கள். ஆண்டு தானாக வந்து சேரும். ஒரே கேள்வியைச் சில மாத இடைவெளி விட்டுத் திரும்பக் கேளுங்கள். அவர்களைச் சோதிப்பதற்காக அல்ல, இரண்டாம் முறை சொல்லும்போது முதல் முறை விட்டுப்போன ஒரு ஆள் உள்ளே வருவார்.

அபுவேலா சொன்னதைச் சொல்வதற்கு முன் அந்தக் காலத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் வாசகர்களில் பலருக்கு இது புதிய செய்தியாக இருக்கும். கலிபோர்னியாவில் பிறந்து வளர்ந்த பலருக்குமே அப்படித்தான்.

அவருடைய அப்பா 1917இல் மெக்ஸிகோவின் சகாதேகாஸ் மாநிலத்திலிருந்து எல் பாசோ வழியாக வந்தவர். அங்கே புரட்சி நடந்துகொண்டிருந்தது. இங்கே உலகப் போருக்குப் போன ஆட்களின் இடம் காலியாக இருந்தது. குடியேறுகிறவர்கள் 8 டாலர் தலைவரி கட்ட வேண்டும், எழுத்தறிவுத் தேர்வில் தேற வேண்டும் என்ற சட்டம் அந்த ஆண்டுதான் வந்தது. ஆனால் வயலுக்கும் ரயில்பாதைக்கும் ஆள் வேண்டும் என்பதற்காக மெக்ஸிகத் தொழிலாளர்களுக்கு அரசே அதைத் தள்ளிவைத்தது. எல்லைக் காவல் படை என்ற ஒன்றே 1924இல்தான் உருவானது. அனுமதியின்றி எல்லை தாண்டுவதைக் குற்றமாக்கிய சட்டம் 1929இல் வந்தது. ஒரு தலைமுறைத் தொழிலாளர்கள் காகிதம் இல்லாமல் வந்தார்கள் என்றால், அவர்களைக் கூப்பிட்டவர்கள் யாரும் காகிதம் கேட்கவில்லை என்பதுதான் காரணம்.

1929 அக்டோபரில் பங்குச் சந்தை விழுந்தது. வேலைகள் மறைந்தன. 1930 டிசம்பரில் தொழிலாளர் துறைச் செயலராகப் பொறுப்பேற்ற வில்லியம் டோக், நாட்டில் 4 லட்சம் பேர் சட்டவிரோதமாக இருக்கிறார்கள், அவர்களை வெளியேற்றினால் அமெரிக்கர்களுக்கு வேலை கிடைக்கும் என்று சொல்லத் தொடங்கினார். லாஸ் ஏஞ்சலிஸில் வேலையில்லாதோர் நிவாரணக் குழுவை ஒருங்கிணைத்தவர் சார்லஸ் விஸல். 1931 ஜனவரியில் அவர் வாஷிங்டனுக்குத் தந்தி அடித்தார். சிலரைப் பிடித்து, அதைப் பத்திரிகைகளில் பெரிதாக விளம்பரப்படுத்தினால், மற்றவர்கள் பயந்து தாங்களாகவே போய்விடுவார்கள் என்பது அவர் திட்டம்.

'தாங்களாகவே' என்ற சொல்லைக் கவனியுங்கள். அதற்குத் திரும்ப வருவேன்.

1931 பிப்ரவரி 26 பிற்பகல். ஓல்வேரா தெருவை ஒட்டிய பழைய சதுக்கத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்த சுமார் 400 பேரைச் சீருடையிலும் சாதாரண உடையிலும் வந்த அதிகாரிகள் வளைத்தார்கள். யாரும் வெளியேற முடியாதபடி ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஒவ்வொருவராக விசாரித்தார்கள். கடைசியில் அழைத்துப் போனது 11 மெக்ஸிகர்கள், 5 சீனர்கள், ஒரு ஜப்பானியர். அவ்வளவுதான். பிடித்தது 17 பேரை என்றாலும் செய்தி நகரம் முழுக்க ஒவ்வொரு மெக்ஸிகக் குடும்பத்தையும் எட்டியது. அபுவேலாவின் அப்பா அதன்பிறகு ஞாயிறுதோறும் சதுக்கத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். அம்மா மார்க்கெட்டுக்கு மூத்த மகளை, அதாவது ஆங்கிலம் தெரிந்த ஆறு வயதை நெருங்கிய குழந்தையை, துணைக்கு அழைத்துப் போகத் தொடங்கினார்.

மார்ச் 23 அன்று மாவட்ட நிர்வாகம் தன் செலவில் ஏற்பாடு செய்த முதல் ரயில் புறப்பட்டது. 1934 வரை இப்படி 15 ரயில்கள். அவற்றில் போனவர்கள் மட்டும் ஏறத்தாழ 13,000 பேர். இது ஒரு மாவட்டத்தின் கணக்கு. டெக்சஸ், மிச்சிகன், இண்டியானா, இல்லினாய் என்று நாடெங்கும் இது நடந்தது. பலர் சொந்த வண்டியில் பாயையும் பாத்திரத்தையும் கட்டிக்கொண்டு போனார்கள். மொத்தத்தை 4 லட்சம் என்பவர்களும் உண்டு, 20 லட்சம் என்பவர்களும் உண்டு. போனவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்.

இந்தக் கணக்குகளைப் படிக்கும்போது என் கையை நடுங்க வைத்தது வேறொரு கணக்கு. கேரி மெக்வில்லியம்ஸ் என்ற வழக்கறிஞர் 1933இல் எழுதியது. 6,024 பேரை அனுப்ப லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்துக்கு ஆன செலவு 77,249 டாலர். அவர்களை இங்கேயே வைத்து நிவாரணம் கொடுத்திருந்தால் 4,24,933 டாலர் ஆகியிருக்கும். இந்த மிச்சம் உள்ளூரில் பெரிய நிர்வாகச் சாதனையாகக் கருதப்பட்டது. ஆளுக்குச் சுமார் 13 டாலர். அபுவேலாவின் வீட்டில் நான்கு பேர். 52 டாலர்.

இனி அவர் சொன்னது.

"தொப்பி வைத்த ஒரு அம்மா வந்தாள். நிவாரண அலுவலகத்திலிருந்து. நல்லவிதமாகத்தான் பேசினாள். எனக்கு மிட்டாய்கூடக் கொடுத்தாள். அவள் சொல்வதை நான்தான் அப்பாவுக்கு ஸ்பானிய மொழியில் சொன்னேன். ஊருக்குப் போக டிக்கெட் இலவசம் என்றாள். போகாவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து மளிகைச் சீட்டு கிடைக்காது என்றாள். நிலைமை சரியானதும் திரும்பி வரலாம் என்றாள். அப்பா கையெழுத்துப் போட்டார். மிஹா, அதை மொழிபெயர்த்தவள் நான்."

இதைச் சொன்னபோது அவருக்கு 83 வயது. 77 ஆண்டுகளாக அந்தப் பாரத்தைத் தனியே சுமந்திருக்கிறார். மேற்கொண்டு எதையும் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அன்று உட்கார்ந்து அவரோடு பீன்ஸ் உரித்தேன்.

கையெழுத்து இருந்ததால் ஆவணங்களில் அது 'விருப்பப் பயணம்'. முன்பு சொன்ன 'தாங்களாகவே' இதுதான். திரும்பி வரலாம் என்ற வாக்கும் நிற்கவில்லை. மாவட்டத்தின் செலவில் போனவர் என்ற பதிவு இருந்தால், அரசுக்குப் பாரமாகக்கூடியவர் என்று சொல்லி மறுபடி விசா மறுக்கச் சட்டத்தில் இடம் இருந்தது. அப்பாவுக்கு அவர் கையெழுத்திட்ட காகிதத்தின் நகலை யாரும் கொடுக்கவில்லை. அதில் என்ன எழுதியிருந்தது என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. அந்நிய நாட்டில் வாழும் எவருக்கும் நான் மன்றாடிச் சொல்வது இதுதான்: படிக்கத் தெரியாத மொழியில் உள்ள காகிதத்தில், கொடுப்பவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும், கையெழுத்துப் போடாதீர்கள். போடத்தான் வேண்டும் என்றால் நகல் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். குழந்தையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

அக்டோபரில் ரயில் ஏறினார்கள். அம்மா தையல் மெஷினை விட்டு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துக் கொண்டுவந்தார். எல் பாசோவில் இறங்கி, பாலம் கடந்து, சியுதாத் ஹுவாரெஸில் வண்டி மாறி, தெற்கே ஹெரெஸ் பக்கத்தில் தாத்தாவின் மண்சுவர் வீடு. அங்கே மாவு அரைப்பது நம் அம்மிபோன்ற ஒரு கல்லில். முழங்கால் போட்டு அரைக்க வேண்டும். பள்ளியில் அவர் ஸ்பானிய மொழியை எழுதத் தெரியாமல் விழித்தபோது பிள்ளைகள் 'போச்சா' என்று கூவினார்கள். வடக்கே போய்த் தன் மொழியைத் தொலைத்தவள் என்ற ஏளனம். லாஸ் ஏஞ்சலிஸில் அவரை மெக்ஸிகக்காரி என்றார்கள், மெக்ஸிகோவில் அமெரிக்கக்காரி என்றார்கள். முதல் குளிர்காலத்திலேயே அம்மா நோயில் விழுந்தார். 1936இல் இறந்தார்.

மெக்ஸிக அரசும் வந்தவர்களுக்கு நிலம் தருவதாகச் சொன்னது. ஒஹாகா மாநிலத்தில் பினோதெப்பாவில் 1933இல் ஒரு குடியேற்றத்தைத் தொடங்கியது. அது விரைவிலேயே குலைந்துபோனது. டெட்ராய்ட்டில் சுவரோவியம் வரைந்துகொண்டிருந்த ஓவியர் டியேகோ ரிவேரா, சொந்த மண்ணில் நல்வாழ்வு அமையும் என்று நம்பித் தொழிலாளர்களைத் திரும்பிப் போகத் தூண்டினார். நல்லெண்ணம் கொண்டவர்களும் இதில் கைகொடுத்தார்கள் என்பதைக் குறித்துவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

'ரிபாத்ரியாதோஸ்' என்று ஸ்பானிய மொழியில் எழுதுகிறார்கள். தாய்நாடு திரும்பியவர்கள். இந்தச் சொல்லைக் கேட்டபோது என் நெஞ்சு அடைத்ததற்குக் காரணம் உண்டு. என் அம்மா இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964இல் போட்ட ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, கூடலூருக்குப் போனவர். அரசுக் காகிதங்கள் அவரைத் 'தாயகம் திரும்பியோர்' என்றன. அதற்கு முன் அவர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. பார்க்காத இடத்துக்கு எப்படித் திரும்ப முடியும்? அபுவேலாவின் தம்பி ரயில் ஏறியபோது அவனுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. அவன் எங்கே 'திரும்பினான்'? அதனால்தான் இந்த வேலையை நான் பாதியில் விடவில்லை.

அபுவேலா 1945இல், 20 வயதில், அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஹுவாரெஸ் பாலத்துக்கு வந்தார். சாவதற்கு முன் அம்மா அதை ஞானஸ்நானச் சட்டைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தார். அதிகாரி பார்த்தார், அனுமதித்தார். தம்பிக்கு 16 வயது. காகிதம் இல்லாததால் பாலத்தின் அந்தப் பக்கம் நின்றான். பிறகு 1951இல் தம்பி அமெரிக்காவுக்கு வந்தார், பிராசெரோ என்ற ஒப்பந்தக் கூலியாக. போர்க்காலத்தில் மறுபடி ஆள் தேவைப்பட்டபோது, 1942இல், இரு அரசுகளும் போட்ட திட்டம் அது. எல்லையில் ஆடை களைந்து நிற்கவைத்துப் பூச்சிமருந்து தெளித்து அனுப்புவார்கள். அப்படி நின்றுதான் அவர் தான் பிறந்த கலிபோர்னியாவில் லெட்யூஸ் கீரை பறிக்க வந்தார். பருவம் முடிந்ததும் திருப்பி அனுப்பப்பட்டார். நான்கு முறை.

இனி தேடியதைச் சொல்கிறேன்.

மாவட்டப் பிறப்புப் பதிவேட்டில் தம்பியின் பெயர் இல்லை. மருத்துவச்சி பார்த்த பிரசவங்கள் பல பதிவாகாமல் போயிருக்கின்றன. மருத்துவமனையில் பிறந்த அக்காவுக்குச் சான்றிதழ், வீட்டில் பிறந்த தம்பிக்கு இல்லை. ஒரு அலுவலகத்தில், "பதிவு இல்லை என்றால் பிறக்கவில்லை என்றுதான் அர்த்தம்" என்று என்னிடம் சொன்னார்கள். அப்படி யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பதிவு இல்லை என்றால் அந்தப் பதிவேட்டில் இல்லை என்று மட்டுமே அர்த்தம். 'தேடினோம், கிடைக்கவில்லை' என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேறு சான்றுகளைக் கொண்டு பிறப்பை நிறுவ வேண்டி வரும்போது அந்தக் கடிதமும் ஒரு சான்று.

அடுத்தது தேவாலயம். அபுவேலா சொன்ன தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் தந்தை வழிப் பெயரில் தேடி இரண்டு மாதம் வீணானது. மெக்ஸிகர்களுக்கு இரண்டு குடும்பப் பெயர்கள். முதலில் தந்தையுடையது, பின்னால் தாயுடையது. கடைசிப் பெயரையே குடும்பப் பெயராகக் கொள்ளும் அமெரிக்க வழக்கத்தில் பல இடங்களில் தாயின் பெயரில் அட்டவணை போட்டுவிடுகிறார்கள். முதல் பெயரையும் மாற்றுவார்கள். கிலேர்மோ வில்லியம் ஆவார், ஹெசூஸ் ஜெஸ்ஸி ஆவார். ஒரு பெயர் எத்தனை விதமாக மாறக்கூடும் என்று முதல் நாளே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நான் ஒன்பதாவது மாதம்தான் எழுதினேன். தாயின் பெயரில் தேடிய அன்று மாலையே கிடைத்தது: 1929 பிப்ரவரியில் ஞானஸ்நானம், டிசம்பர் 11 பிறப்பு.

ஞானஸ்நானப் பதிவு குழந்தை யார் என்று சொல்லும். ஆனால் அதை அரசின் சொல்லாக எல்லோரும் ஏற்பதில்லை. அதற்குத்தான் 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அமெரிக்காவில் கணக்கெடுப்புத் தாள்களை 72 ஆண்டுகள் மூடிவைத்துப் பிறகு திறக்கிறார்கள். 1930க்கான தாள்கள் 2002இல் திறந்தன. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒரு புதுமை இருந்தது. இனம் என்ற பத்தியில் முதன்முறையாக 'மெக்ஸிகர்' என்று தனியே குறித்தார்கள். அடுத்த கணக்கெடுப்பிலேயே அதைக் கைவிட்டார்கள். ரயில்களுக்கு ஒரு வருடம் முன்னால், வீடு வீடாகப் போய், இவர்கள் தனி என்று எழுதிவைத்த அந்தத் தாள்களே 80 ஆண்டுகள் கழித்து அவர்களின் பிறப்புக்குச் சாட்சி சொல்கின்றன.

பெயரில் தேடியபோது குடும்பம் கிடைக்கவில்லை. கையெழுத்தைத் தவறாகப் படித்துக் கணினியில் ஏற்றியிருந்தார்கள். பெயரை விட்டுவிட்டுத் தெருவில் தேடினேன். தாளின் இடது ஓரத்தில் தெருவின் பெயரைச் செங்குத்தாக எழுதியிருப்பார்கள். அபுவேலா சொன்ன டிராம் தண்டவாளம், மூலையில் இருந்த ரொட்டிக்கடை, இரண்டையும் வைத்துத் தெருவைப் பிடித்து, தாள் தாளாக வீடு வீடாகப் படித்துக்கொண்டு போனேன். 11ஆம் தாளில் இருந்தார்கள். தந்தை, தாய், இருவருக்கும் பிறந்த இடம் மெக்ஸிகோ. மகள், நான்கே முக்கால் வயது, கலிபோர்னியா. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வயதை அப்போது மாதத்தோடு, பன்னிரண்டில் இத்தனை என்று எழுதினார்கள். கடைசி வரியில்: மகன், 1 3/12. ஒன்றே கால் வயது. பிறந்த இடம் கலிபோர்னியா.

நூலகத்தில் நான் சத்தமாக அழுதுவிட்டேன்.

தம்பி மகள் அந்த இரண்டு நகல்களையும் வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று கேட்டாள். இங்கே ஓர் எச்சரிக்கை. மெக்ஸிகோவில் 'நொத்தாரியோ' என்றால் சட்டம் படித்த பெரிய அதிகாரி. அமெரிக்காவில் நோட்டரி என்பவர் கையெழுத்துக்குச் சாட்சி முத்திரை போடுகிறவர் மட்டுமே. இந்தப் பெயர்க் குழப்பத்தைப் பயன்படுத்திக் குடியுரிமை வாங்கித் தருவதாகப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். அவளிடமும் ஒருவர் பணம் கேட்டிருந்தார். குடியேற்றச் சட்டம் தெரிந்த, உரிமம் பெற்ற வழக்கறிஞரிடம் மட்டும் போங்கள். இலவச ஆலோசனை முகாம்கள் பல ஊர்களில் நடக்கின்றன. நாங்கள் அப்படி ஒன்றுக்குத்தான் போனோம்.

அந்த இளம் வழக்கறிஞர் தாள்களை நெடுநேரம் பார்த்தார். தந்தை அமெரிக்கக் குடிமகன் என்பதில் தமக்கு ஐயமே இல்லை என்றார். பிறகு சட்டத்தை விளக்கினார். மகள் 1960இல் மெக்ஸிகோவில் பிறந்தவள். அந்தக் காலத்துச் சட்டப்படி, பெற்றோரில் ஒருவர் மட்டும் அமெரிக்கராக இருந்தால், குழந்தை பிறப்பதற்கு முன் அவர் அமெரிக்காவில் மொத்தம் பத்து ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். அதில் ஐந்து ஆண்டுகள் 14 வயதுக்குப் பிறகு. தம்பி வாழ்ந்தது மூன்று ஆண்டுகளுக்கும் குறைவு, அதோடு நான்கு பருவக் கூலி வேலை.

அவரை வெளியே அனுப்பியது அரசு நிர்வாகம். வெளியே இருந்த ஆண்டுகளை அவர் மகளுக்கு எதிராக எண்ணுகிறது அதே நாட்டின் சட்டம். இதை நான் அபுவேலாவிடம் எப்படிச் சொல்வது என்று காரில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன். சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "அவளுக்குக் குடியுரிமை வேண்டும் என்று நான் கேட்கவில்லையே. காகிதம் வேண்டும் என்றுதானே கேட்டேன்" என்றார்.

கலிபோர்னியா 2005இல் இதற்காக மன்னிப்புக் கோரும் சட்டத்தை இயற்றியது. சட்டம் சொன்ன நினைவுப் பலகையை 2012 பிப்ரவரி 26 அன்று, பழைய சதுக்கத்துக்கு அருகே, வளைப்பு நடந்த அதே தேதியில் திறந்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டமும் அந்த ஆண்டு மன்னிப்புக் கேட்டது. இழப்பீடு எதுவும் வரவில்லை. பெல் கார்டன்ஸ் பள்ளி ஒன்றின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இது பாடத்தில் இல்லையே என்று கேட்டு முயன்றதன் பயனாக, 2015இல் இதைப் பள்ளிகளில் கற்பிக்க ஊக்குவிக்கும் சட்டம் வந்தது. அபுவேலா அதைப் பார்க்க இல்லை. பலகைத் திறப்புக்கு வந்திருந்தார். சக்கர நாற்காலியில், மடியில் பிஸ்கட் டப்பாவுடன்.

அந்த டப்பாவைப் பற்றிச் சில சொற்கள். பழைய காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் கெட்டுவிடும், பிறகு அலுவலகங்களிலும் ஏற்கத் தயங்குவார்கள். செலோடேப் ஒட்டாதீர்கள். இரண்டு பக்கமும் படமெடுத்து, நகல்களை இரண்டு ஊரில் இரண்டு வீட்டில் வையுங்கள். படங்களின் பின்புறம் மெல்லிய பென்சிலால் யார், எங்கே, எப்போது என்று எழுதுங்கள். வெளிநாட்டில் குழந்தை பிறந்தால் அங்கேயும் பதியுங்கள், தூதரகத்திலும் பதியுங்கள். அந்தக் காகிதம் தேவையே வராது என்று எண்ணிய தாய்மார்கள் அந்தத் தெருவில் நிறையப் பேர் இருந்தார்கள். எண்ணாத ஒருத்தி அதைச் சட்டைக்குள் வைத்துத் தைத்தாள்.

கணக்கெடுப்புத் தாளின் நகல் ஹெரெஸுக்குப் போய்ச் சேர்ந்த அன்று தம்பி மகள் தொலைபேசியில் அழைத்தாள். 2010இன் தொடக்கம். ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு நாங்கள் இருவரும் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். அவள் அந்தக் கடைசி வரியைத் தானே ஒருமுறை வாசித்தாள். பிறகு கொஞ்சநேரம் எதுவும் பேசவில்லை.

"அத்தை, ஒன்றே கால் வயது என்று போட்டிருக்கிறது. இதை எழுத ஆள் வந்தபோது அப்பாவுக்கு நடக்கத் தெரியுமா?"

அபுவேலா தொலைபேசிக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார்.

"நடப்பதா? ஓடுவான். டிராம் சத்தம் கேட்டால் போதும், கதவைத் தள்ளிக்கொண்டு தெருக்கோடிக்கு ஓடுவான். நான்தான் பின்னால் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து வருவேன்."